ஐஸ்கிரீமில் தீர்த்த பினாங்குக் கடன்

பினாங்கில் முதல் நாள் காலை ஒரு ரொட்டி சானாய் கடைக்குள் நுழைந்ததும் நான் ரொட்டியைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தேன். சுவரில் விலை எழுதியிருந்தது. சோக்கால் அல்ல, காகிதத்தில் ஒட்டியும் அல்ல. நீல நிறப் பெயின்ட்டால், தூரிகை பிடித்து, நிதானமாக எழுதியிருந்தார்கள். பெயின்ட் காய ஒரு நாளாவது ஆகும். அந்த ஒரு நாள் முழுக்க விலை அப்படியே நிற்கும் என்று நம்பி ஒருவன் ஏணியில் ஏறியிருக்கிறான். எனக்குக் கண் கலங்காத குறை.

நான் நல்லூரில் கூல்பார் வைத்திருப்பவன். கூல்பார் என்றால் யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிரீம் கடை. நாட்டில் டொலர் தீர்ந்துபோன அந்த வருடம் எங்கள் கடையில் விலை எழுதுவதையே விட்டுவிட்டோம். பலகையில் எழுதிவிட்டுச் சோக்கைக் கீழே வைப்பதற்குள் பால்தூள் விற்கிற பால்மாக்காரன் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவான். ஆகவே யாராவது கேட்டால் என் மனைவி மலர் வாயால் சொல்வாள். அதையும் மெதுவாகச் சொல்வாள், நடுவில் மாற்றிக்கொள்ள வசதியாக.

இப்படிப்பட்டவன் பினாங்குக்கு ஏன் வந்தேன் என்றால், என் ஐஸ்கிரீம் மெசினின் பீற்றர் உடைந்துவிட்டது. உருளைக்குள் கிடந்து பாலைச் சுரண்டிச் சுழற்றுகிற இரும்புத் தண்டுதான் பீற்றர். அது இல்லாவிட்டால் உள்ளே வைப்பது பாலாக இருக்கும், அல்லது பாறாங்கல்லாக இருக்கும். கொழும்பு முகவரிடம் கேட்டேன். அந்தச் சாமான் இறக்குமதித் தடைப் பட்டியலில் இருக்கிறது என்றார். வங்கியில் போய், பணம் அனுப்பி நானே எடுப்பிக்கிறேன் என்றேன். டொலர் என்ற சொல்லைக் கேட்டதும் அங்கிருந்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு அப்பாவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நல்லூர்த் திருவிழா வந்துகொண்டிருந்தது. வருடம் முழுவதும் நாங்கள் உழைப்பதில் பாதி அந்தத் திருவிழாவில்தான். அதைத் தவறவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று மலர் நேராகவே சொல்லிவிட்டாள். தெரிந்தவர்களின் கையிருப்பிலிருந்து கொஞ்சம் டொலரைச் சேர்த்துக்கொண்டு, நானே நேரில் போய்ச் சாமானைத் தூக்கிவருவது என்று முடிவாயிற்று.

பினாங்கில் எனக்கு ஜெயராணி அக்கா இருந்தார். என் அம்மாவின் சித்தியின் மகனுடைய மகள். எங்களூர்க் கணக்கில் இது நெருங்கிய சொந்தம். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கராக, அதாவது குமாஸ்தாவாக, அங்கே போனவர். அக்கா தீவுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளர். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிட்ட அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். நல்லூரை நேரில் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் யூடியூப் நேரலையில் கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரை ஒரு நாளும் விடுவதில்லை.

நான் அவருக்குப் பரிசாகக் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் பனம்பழப் பினாட்டும் கொண்டுபோயிருந்தேன். கூடவே, பெருமையோடு, அரைக் கிலோ மஞ்சள்தூள். சிரிக்காதீர்கள். மஞ்சள் இறக்குமதியைத் தடை செய்து, அது தங்க விலை விற்ற காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். கல்யாண வீட்டுக்கு மஞ்சள் பொதி கொண்டுபோனவரை மாப்பிள்ளைக்கு நிகராக வரவேற்ற காலம் அது. அக்கா பொதியை வாங்கி, அலமாரியைத் திறந்து, அங்கே படுத்திருந்த இரண்டு கிலோ மஞ்சள்தூள் பைக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தார்.

"ரொம்ப நல்லாருக்கு தம்பி," என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

பிறகு ரொட்டி சானாய் கதைக்கு வந்தோம். விலையைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்களே என்று நான் வியந்து சொல்லச் சொல்ல, அக்காவுக்கு முகம் சிவந்தது. அந்த ஊர்த் தமிழில் பேச்சின் வாலில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

"வெல அதேதான் லா. ரொட்டியப் பாத்தியா? முன்னெல்லாம் தட்ட விட்டு வெளிய தொங்கும். இப்ப என் உள்ளங்கை அளவுக்கு ஆக்கிட்டானுங்க. வெலய ஏத்தினா மொகத்துக்கு நேரா திட்டலாம். சின்னதாக்கினா யாருகிட்ட போய்ச் சொல்றது?"

அடுத்த அரை மணி நேரம் கோழி, முட்டை, மீன்துண்டு என்று ஒவ்வொன்றும் எப்படிச் சுருங்கியது என்பதை அக்கா விளக்கினார். பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு தூங்கியவனுக்கு முன்னால் ஒருவர் மீன்துண்டின் தடிமனைப் பற்றிக் கவலைப்பட்டால் எப்படி இருக்கும்! நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். மனதுக்குள் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் நாள் தனியாக ஊர் பார்க்கக் கிளம்பினேன். முதலில் காசு மாற்றும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் உலக நாடுகளின் கொடியெல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்கள். எங்கள் கொடியும் இருந்தது. எதிரே ஒரு சின்னக் கோடு மட்டும். டொலரை மாற்றிய பிறகு, ஒரு ஆசைக்கு எங்கள் ரூபாய்த்தாள் ஒன்றை நீட்டிப் பார்த்தேன்.

"இது வேணாம் அண்ணே," என்றார் உள்ளே இருந்தவர். தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாருக்கு, பத்திரமா வச்சுக்குங்க," என்று திருப்பித் தந்தார்.

அங்கிருந்து பஸ். ஏறும்போதே டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் காசு போட வேண்டும். நான் பத்து வெள்ளித் தாளைப் போட்டுவிட்டு மீதிக்குக் கையை நீட்டியபடி நின்றேன். வெள்ளி என்பது அங்கே ரிங்கிட்டுக்குப் பெயர். டிரைவர் மலாய் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். முன் இருக்கையில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்தான் விளக்கினார். "மீதி கெடையாதாம் அண்ணே. சில்லறையா போட்டிருக்கணும். பெட்டி உள்ள வாங்கிக்கும், திருப்பிக் குடுக்காது."

நான் இறங்க வேண்டிய இடம் மூன்றாவது தரிப்பிடம். ஆனால் பத்து வெள்ளியை ரூபாயாக மனதில் பெருக்கிப் பார்த்த பிறகு மூன்றாவது தரிப்பிடத்தில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் எங்கே போகிறதோ அங்கே வரைக்கும் போனேன். கடற்கரை ஓரமாக, மலையை ஒட்டி, வளைந்து வளைந்து தெலுக் பஹாங் என்ற மீனவர் ஊரில் போய் நின்றது. இதுதான் கடைசி, இறங்குங்கள் என்று டிரைவர் கையைக் காட்டினார். இறங்கினேன். கடல் அழகாக இருந்தது. ஒரு இளநீர் குடித்தேன். கொடுத்த காசுக்கு ஊர் பார்த்துவிட்டேன் என்ற திருப்தியோடு திரும்பி வர, இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டியிருந்தது.

நகரத்துக்கு வந்து ஒரு ஒடுங்கிய தெருவைக் கடக்கும்போது வரிசை ஒன்று நின்றது. என் கால்கள் என்னைக் கேட்காமலே அதன் வாலில் போய் ஒட்டிக்கொண்டன. எங்கள் ஆட்களுக்கு அந்த வருடம் வந்த வியாதி இது. வரிசையைக் கண்டால் முதலில் நிற்பது, எதற்கு என்பதை நின்றபடி விசாரிப்பது. முன்னால் நின்ற பெரியவரிடம், "என்ன ஐயா குடுக்கினம்? சமையல் காஸா, மண்ணெண்ணெயா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "செண்டோல்," என்றார்.

செண்டோல் என்றால் அரைத்த பனிக்கட்டியின் மேல் தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, பச்சை நிறத்தில் புழுப்போல நெளியும் மாவுத் துண்டுகள். தொழில்காரன் என்பதால் கடுமையாகத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று முதல் கரண்டியை எடுத்தேன். இரண்டாவது கோப்பைக்கு மறுபடியும் வரிசையில் நின்றேன். பால்மா வேண்டாம், மெசின் வேண்டாம், பீற்றர் உடையும் என்ற பயம் வேண்டாம். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வந்தது பொறாமைதான், மூடி மறைப்பதில் பயனில்லை.

மூன்றாம் நாள் வந்த காரியம். அக்கா வேலைக்குப் போகும் வழியில் தன் காடியில், அதாவது காரில், பாலம் கடந்து என்னை ஜுரு என்ற இடத்தில் இறக்கிவிட்டார். கார்க் கடைகளுக்கு நடுவே, பழைய ஹோட்டல் அடுப்படிச் சாமான்களும் உதிரிப்பாகங்களும் விற்கிற சேகர் என்பவருடைய கூடம் இருந்தது. சேகர் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒரு பீற்றரை இறக்கினார். பளபளவென்று இருந்தது.

"விலை என்ன?" என்றேன். சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள் நான் காசை எடுத்து நீட்டிவிட்டேன்.

"அலாமா! மொதல்ல அளவு பாருங்கண்ணே. போய் பசியாறிட்டு வாங்க, நிதானமா பாக்கலாம். பொருளு எங்கயும் ஓடாது."

"பொருள் ஓடாது தம்பி. விலை ஓடிடும்."

"எங்க ஓடும்? நாளைக்கும் இதே வெலதான் லா."

நாளைக்கும் இதே விலை என்று ஒரு வியாபாரி சொன்னால், எங்களூரில் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று அவன் பொய் சொல்கிறான். மற்றது, அவனிடம் சாமான் இல்லை. நான் காசை அவர் சட்டைப்பைக்குள் திணிக்காத குறையாகக் கொடுத்துவிட்டுப் பீற்றரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மாலை அக்கா வந்து ஏற்றும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டே ஒரு கோப்பிக்கடையில் இருந்தேன்.

என் சட்டைப்பையில் மலர் தந்த நூல் ஒன்று இருந்தது. உடைந்த பீற்றரை அளந்து, நீளத்துக்கு ஒரு முடிச்சும் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுத் தந்திருந்தாள். அதன் நினைவு எனக்கு இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் வந்தது. பீற்றரை மேசையில் கிடத்தி நூலைப் பிடித்தோம். ஒரு விரல் அளவு குறைந்தது. இன்னொரு முறை இழுத்துப் பிடித்தேன்.

"நூல இழுத்தா இரும்பு நீளுமா தம்பி?" என்றார் அக்கா.

நூலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். விற்ற சாமானைத் திருப்பிக் கொடுத்தால் யார் எடுப்பார்கள்? எடுத்தாலும் கொடுத்த காசுக்கா எடுப்பார்கள்? மலருக்கு எப்படிச் சொல்வேன்? அவள் போட்டுத் தந்த முடிச்சைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

நான்காம் நாள் சேகரிடம் போனேன். அவர் பீற்றரை வாங்கித் துடைத்து மேலே வைத்தார். நான் கொடுத்த அதே தாள்களை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு சதம் கழிக்கவில்லை. காசு ஒரு இரவு முழுவதும் வேறொருவர் வீட்டில் இருந்துவிட்டு மெலியாமல் திரும்பி வந்ததை நான் வெகுகாலத்துக்குப் பிறகு பார்த்தேன். நூலை நீட்டினேன். அளவைப் பார்த்துவிட்டு, சரியான பீற்றர் தன்னிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது புதிது என்றார். விலை, முந்தியதைப்போல மூன்று மடங்கு. என் கையில் இருந்தது அதற்குப் போதாது.

"நாளைக்கு வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். போய் யோசிச்சிட்டு வாங்கண்ணே," என்றார்.

அன்று மாலை அக்கா என்னைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப்போனார். படிகள் ஏறிக்கொண்டே இருந்தன. பாதியில் இருவருக்கும் மூச்சு வாங்க, படியிலேயே உட்கார்ந்தோம். கீழே ஊரும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன. வேண்டுதலை முருகனிடம் வைப்பதற்கு முன்னால் அக்காவிடம் வைத்தேன்.

"அக்கா, நீங்கள் இஞ்ச வெள்ளியாக் குடுங்கோ. நான் அங்க ரூபாயா, நீங்கள் சொல்லுற ஆளிட்டக் குடுத்து விடுறன்."

இது எங்களவர்கள் காலங்காலமாகச் செய்துவருகிற ஏற்பாடுதான். காசு கடலைத் தாண்டாது, கணக்கு மட்டும் தாண்டும். அந்த வருடம் அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதும் இதைத்தான். ஆனால் அக்காவுக்கு அரசாங்கம் பிரச்சினையாகத் தெரியவில்லை.

"ரூபாயா? ஐயோ வேணாம் லா! நீ ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதியா உருகிப் போயிடும்."

"அப்ப என்னண்டு அக்கா?"

"நீ என்னா விக்கிற?"

"ஐஸ்கிரீம்."

"அப்ப ஐஸ்கிரீமா குடு."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கோபமோ உருக்கமோ வந்தால் அவருக்கு யாழ்ப்பாணத்து ஓம் வந்துவிடும். இப்போதும் வந்தது.

"ஓம், நெசமாத்தான் சொல்றேன். வருஷா வருஷம் நல்லூர் பாக்குறேன்ல. சாமி வெளிய வர்ற நேரத்துல மைக்ல சொல்லுவாங்க, செவப்பு சட்ட போட்ட புள்ள, பேரு சொல்லத் தெரியல, அழுதுகிட்டு இருக்குன்னு. அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்கு என்னாச்சு, அம்மா வந்தாங்களா இல்லையான்னு ஒருத்தனும் சொல்றதில்ல. சாமி போயிடும், வீடியோ முடிஞ்சிடும். எனக்குத் தூக்கம் வராது. தொலஞ்ச புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு கப் குடு. அம்மா வர்ற வரைக்கும் சாப்பிட்டுகிட்டு இருக்கட்டும். திருவிழா முடிஞ்சா கடனும் முடிஞ்சது."

நாளுக்கு நாலைந்து பிள்ளை தொலையலாம் என்று கணக்குப் போட்டேன். இலாபம் என் பக்கம்தான் இருந்தது. சம்மதித்தேன்.

"தெனமும் போட்டோ அனுப்பணும்," என்றார் கணக்காளர்.

மறுநாள் பீற்றர் என் கைக்கு வந்தது. இந்த முறை நூலை மூன்று தரம் பிடித்துப் பார்த்தேன். கொழும்பு விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, அது என்ன ஆயுதம் என்று சிங்களத்தில் கேட்டார். ஐஸ்கிரீம் என்றேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் அதெல்லாம் செய்கிறீர்களா?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மெசின் ஓடியது. கொடி ஏறியது. அறிவிப்புக் கூடாரம் எங்கள் கடைக்குக் கிட்டத்தான் இருந்தது. முதல் நாள் மூன்று பிள்ளைகள் தொலைந்தார்கள். மூன்று கப், மூன்று போட்டோ. அக்காவுக்குச் சந்தோசம்.

சில நாளில் செய்தி பரவிவிட்டது. பிள்ளைகள் வேண்டுமென்றே தொலையத் தொடங்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற ஒருவனை நானே அடையாளம் கண்டேன்.

"டேய், நீ நேத்தும் துலைஞ்சனியெல்லோ?"

"ஓம் மாமா. இண்டைக்கும் துலைஞ்சிட்டன்."

சீனி விலையும் பால்மா விலையும் ஏறிக்கொண்டிருந்த நேரம். நான் கட்டுப்பாடுகளை அறிமுகப்படுத்தினேன். அழுகிற பிள்ளைக்கு மட்டும் என்றேன். எல்லாரும் அழுதார்கள், அதிலும் சிலர் அபாரமாக அழுதார்கள். ஒரு பிள்ளை திருவிழாவில் ஒரு முறைதான் தொலையலாம் என்று விதித்தேன். தம்பியும் தங்கையும் வந்தார்கள். வங்கியில் என்னை அப்பாவியாகப் பார்த்தவர்களின் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. சந்தையில் சின்னக் கப் இருந்தது. அதை வாங்கினேன். பழைய பெரிய கப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். மலர் பார்த்தாள்.

அன்றைய போட்டோ போனது. சிறிது நேரத்தில் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"தம்பி, அந்தப் புள்ள கை பெருசாயிடுச்சா, கப்பு சின்னதாயிடுச்சா?"

மலரும் பக்கத்தில் நின்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளங்கை அளவு ரொட்டியைப் பற்றி அக்கா புலம்பியபோது உள்ளுக்குள் சிரித்தவன் நான்தான். சின்னதாக்கினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர் கேட்டார். அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? உண்மையாகவே வெட்கமாக இருந்தது. மலர் ஏணியை எடுத்துவந்து பரணில் சாத்தினாள். நான் ஏறிப் பெரிய கப் பெட்டியை இறக்கினேன். பொய்யாகத் தொலைந்தவனுக்கும் அதில்தான் கொடுப்பது என்று முடிவு செய்தோம். திருவிழா முடியும்வரை அப்படியே கொடுத்தோம். அந்த வருடம் எங்களுக்கு இலாபம் பெரிதாக இல்லை. ஆனால் கடையைச் சாத்தவும் இல்லை.

தேரன்று சனக் கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிவந்தார்கள். மூன்று வயது இருக்கும். இது உண்மையான தொலைதல் என்று பார்த்ததுமே தெரிந்தது, ஏனென்றால் அவள் ஐஸ்கிரீமைத் திரும்பியும் பார்க்கவில்லை. மலர் அவளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், பச்சைச் சட்டை, பெயர் சொல்லத் தெரியவில்லை. தேர் இருப்பிடத்துக்குப் போய்விட்டது. கப்பில் இருந்தது முழுவதும் உருகிப் பாலாகிவிட்டது. கனநேரத்துக்குப் பிறகு ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தது. பிறகு திரும்பி, மலரிடம் கையை நீட்டியது.

என் சட்டப்படி அது இரண்டாவது கப். மலர் என்னைக் கேட்காமல் பெரிதாக நிரப்பிக் கொடுத்தாள். நான் போட்டோ எடுத்து அனுப்பினேன், கப்பின் அளவு நன்றாகத் தெரியும்படி.

அக்கா கப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பச்சை சட்டப் புள்ளைதானே? அம்மா வந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

"வந்திட்டா அக்கா. பிள்ளை சாப்பிடுறா," என்று எழுதினேன்.

"அப்ப நான் தூங்கப் போறேன்," என்று பதில் வந்தது.